மாமாவின் பெயருக்கு முன்னால் ஒரு சொல்

நிரோ,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கலியாண அழைப்பிதழின் மாதிரியை நான் பார்த்துவிட்டேன், ஆனால் வாய் திறக்கவில்லை என்று அப்பாவிடம் குறைப்பட்டிருக்கிறாய். அச்சகக்காரர் அவசரப்படுத்துகிறார், மண்டபத்துக்காரர் ஆட்தொகை கேட்கிறார், அம்மா மட்டும் சாமியார் மாதிரி இருக்கிறா என்றாயாம். குறை சரிதான். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லத்தான் நீ கேட்டாய். எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை. ஒரே ஒரு சொல்தான் எனக்குச் சரியாகப் படவில்லை. அதை ஒரு வரியில் எழுதி அனுப்பினால் நீ "ஓகே அம்மா" என்று போட்டுவிட்டு மாற்றிவிடுவாய். ஏன் மாற்றினாய் என்று உனக்கே தெரியாது. அது எனக்கு வேண்டாம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன்னை அழ அழ இழுத்துக்கொண்டு போனவள் என்ற உரிமையில் நீளமாக, தமிழிலேயே எழுதுகிறேன். விட்பியில் ட்ரெயின் ஏறினால் யூனியன் ஸ்டேஷனில் இறங்குவதற்குள் வாசித்து முடித்துவிடலாம். இடையில் வேறெதையும் திறந்து பார்க்காதே.

நம் பக்கத்து உறவுக்காரர் பெயர்களைப் பழைய முறைப்படி வரிசையாகப் போட்டிருக்கிற இடத்தில் "தாய்மாமன்: அமரர் பாலச்சந்திரன்" என்று இருக்கிறது. பாலன் மாமா என் ஒரே தம்பி. அவன் பெயருக்கு முன்னால் அந்தச் சொல்லை அச்செழுத்தில் நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. செத்தவர்களுக்குப் போடுகிற சொல் அது என்று உனக்குத் தெரியும். நீயாக யோசித்துப் போடவில்லை, அப்பா சொல்லித்தான் போட்டாய் என்பது எனக்குத் தெரியும். நான் அப்பாவோடு சண்டை பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டேன், அவ்வளவுதான். அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "எத்தினை வருசத்துக்கு இதை இப்பிடியே வைச்சிருக்கப் போறாய்? திரு எண்டு போட்டால் சனம் கேக்கும், ஆள் எங்கை எண்டு. அதுக்கு ஆர் பதில் சொல்லுறது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். அந்த இரக்கம்தான் எனக்குக் கோபத்தைக் கொண்டுவந்தது.

இதற்கு என்னுடைய பதிலைச் சொல்ல வேண்டுமென்றால் ரஷ்யப் பயணத்தில் இருந்துதான் தொடங்க வேண்டும். போன ஐப்பசியில் நான் திரும்பி வந்தபோது விமான நிலையத்துக்குக் காரோடு வந்தவன் நீ. "ட்ரிப் எப்பிடி அம்மா?" என்று கேட்டாய். "குளிர்" என்றேன். அஜக்ஸில் வீட்டு வாசலில் இறக்கிவிடும் வரைக்கும் நானும் அதற்குமேல் சொல்லவில்லை, நீயும் கேட்கவில்லை. குளிர் மட்டும் இல்லை அங்கே.

எப்படிப் போனேன் என்பது உனக்குத் தெரிந்த கதை. பள்ளிக்கூட பஸ் ஓட்டியது போதும் என்று போன ஆனியில் திறப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சும்மா இருக்கத் தெரியாமல் வீட்டு அலுமாரிகளை எல்லாம் கவிழ்த்து அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் லேனாவின் அம்மா கலீனா, வருகிற சம்பந்தி, தன் ஊருக்குப் போகப் போவதாகச் சொல்லி என்னையும் கூப்பிட்டார். "உங்கள் மகன் எங்கள் வீட்டுக்கு வருகிறான். நாங்கள் எங்கேயிருந்து வந்தவர்கள் என்று நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும்" என்றார். ஸ்டீல்ஸ் வீதிப் பக்கம் ஒரு கூடத்தில் பொய்ப்பல் செய்கிறவர், பேச்சும் அப்படித்தான், அளவெடுத்துப் பேசுவார். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒரே வயது, இரண்டும் கனடாவுக்கு வந்த பிறகு அகதிகளுக்கான வகுப்பில் பிடித்தவை. அதனால் எங்களுக்குள் பேச்சுக்குத் தட்டுப்பாடே இல்லை. நீதான் தலையில் கைவைத்தாய். "அம்மா, ஆர் யூ சீரியஸ்? அங்க வோர் நடக்குது. கவர்ன்மென்ற் போக வேண்டாமெண்டு போட்டிருக்கு." சண்டை நடக்கிற நாட்டில் இருந்து வந்தவளுக்கு நீ அதைச் சொன்னாய். நான் சிரித்துவிட்டுக் குளிர்ச் சப்பாத்தைத் தேடி எடுத்தேன்.

இஸ்தான்புல்லில் மாறி, மொஸ்கோ போய், அங்கேயிருந்து ட்ரெயினில் விளாடிமிர் என்ற பழைய நகரத்துக்குப் போனோம். நம்முடைய வங்கி அட்டை ஒன்றும் அங்கே வேலை செய்யாது என்பதால் கலீனா காசை உடம்போடு கட்டிக்கொண்டு வந்தார். ஸ்டேஷனில் அவருடைய தங்கை தமாரா பழைய வெள்ளைக் கார் ஒன்றோடு நின்றார். அந்த நகரம் ஒரு மேட்டின் மேல் இருக்கிறது, கீழே ஆறு. மேட்டு விளிம்பில் வெள்ளைக் கல்லில் கட்டிய பெரிய தேவாலயங்கள். அதில் ஒன்றின் வெளிச்சுவர் முழுக்கச் சிங்கமும் பறவையும் கொடியும் குதிரை வீரனுமாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். சுவருக்கு வெளியே இவ்வளவு உருவம் வைத்த கோயிலை நம்முடைய ஆட்களைத் தவிர வேறு யாரும் கட்டுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. சிங்கங்கள் கோபமாகக்கூட இல்லை. சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிற வீட்டு நாய் மாதிரி முகம்.

வேறொரு பெரிய தேவாலயத்தில் பூசை நடந்துகொண்டிருந்தது. வாசலில் நான் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனேன். கழற்றாதே என்று ஒருவரும் சொல்லவில்லை. இப்படி ஒருத்தி வந்து கழற்றுவாள் என்று அந்த ஊரில் யார் நினைத்திருப்பார்கள்? கல் தரையின் குளிர் காலுறைக்குள்ளால் முழங்கால் வரைக்கும் ஏறியது. தலையில் துணி போடச் சொல்லி ஒரு கூடையைக் காட்டினார்கள். மானக்கேடு வந்தவர்கள்தான் முக்காடு போட்டுக்கொண்டு திரிவார்கள் என்று கேட்டு வளர்ந்தவள் நான், ஆனாலும் விருந்தாளி என்பதால் போட்டேன். திரும்பி வந்தபோது சப்பாத்தைக் காணவில்லை. யாரோ தொலைத்துவிட்டுப் போனது என்று நினைத்து, கூட்டித் துடைக்கிற பெண் அதைக் காவலாளியின் அறையில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். கலீனா அன்று சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. லேனாவுக்கு இந்தக் கதை ஏற்கெனவே போயிருக்கும்.

உள்ளே கதிரையே கிடையாது. வயதானவர்கள்கூட மணிக்கணக்கில் நிற்கிறார்கள். முன்னால் புனிதர்களின் படங்களால் ஆன ஒரு மதில், அதன் நடுவில் கதவு. பூசகர் உள்ளே போனதும் கதவைச் சாத்தித் திரையை இழுத்துவிடுகிறார்கள். அதைக் கண்டதும் என் கை தன்பாட்டில் கூப்பிக்கொண்டது. திரை திறக்கும் வரை காத்திருக்கிற சனத்தின் முகம் நம்முடைய ரிச்மண்ட் ஹில் கோயிலிலும் அங்கேயும் ஒன்றுதான். சாம்பிராணி மணமும் ஒன்றுதான். சரி, நம்முடைய இடம் மாதிரித்தான் என்று துணிவு வந்துவிட்டது. தேன்மெழுகில் செய்த மெல்லிய மெழுகுதிரி இரண்டு வாங்கினேன், உனக்கு ஒன்று, லேனாவுக்கு ஒன்று. படங்களுக்கு முன்னால் உயரமான தண்டுகளில் இருந்த வட்டத் தட்டுகளில் சனம் நெருக்கியடித்தது. இடது பக்க ஓரத்தில் ஒரு சதுர மேசை, அதில் சின்னச் சிலுவை, சுற்றி நிறைய இடம். ஒருவரும் தள்ளுப்படவில்லை. கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டு இரண்டையும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் நட்டு, உன் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னேன். லேனாவின் நட்சத்திரம் தெரியாததால் அவளுடைய பிறந்த தேதியைச் சொன்னேன். கண்ணைத் திறப்பதற்குள் கலீனா "நெற், நெற்", கூடாது கூடாது, என்று ஓடி வந்து, ரோட்டுக்குக் குறுக்கே ஓடுகிற பிள்ளைகளை இழுப்பது மாதிரி இரண்டு திரிகளையும் பிடுங்கி எடுத்தார். அது செத்தவர்களுக்கான மேசை.

வட்டத் தட்டு உயிரோடு இருக்கிறவர்களுக்கு, சதுர மேசை செத்தவர்களுக்கு. அந்த நாட்டில் கோயிலுக்குப் போகிற எவருக்கும் இது தெரியும். அதே மெழுகுதிரி, அதே நெருப்பு. எங்கே கொண்டுபோய் வைக்கிறாய் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கலியாணம் நிச்சயமான இரண்டு பிள்ளைகளை என் கையாலேயே அந்த மேசையில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். கலீனா பிறகு அதற்கும் சிரித்தார். தமாரா சிரிக்கவில்லை. அவர் கையிலும் ஒரு திரி இருந்தது. ஒருதரம் கடித்த நாயைப் பார்ப்பது மாதிரி அந்தச் சதுர மேசையைப் பார்த்துவிட்டு, சுற்றிப் போய் வட்டத் தட்டில் அதை வைத்தார்.

பின்னேரம் தமாராவின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் காரணம் தெரிந்தது. அவருடைய ஒரே மகன் அலெக்சேய், வீட்டில் கூப்பிடுவது அல்யோஷா, படைக்குப் போனவன். அப்போதே பதினொரு மாதமாக அவனிடம் இருந்து ஒரு சத்தமும் இல்லை. உடல் கிடைத்தது என்றும் இல்லை, பிடிபட்டான் என்றும் இல்லை. உனக்கு இது முன்பே தெரியும், லேனா சொல்லியிருக்கிறாள். அம்மா கவலைப்படுவா என்று எனக்கு மறைத்தாயாம், கவலைப்பட்டுப் பழக்கமில்லாதவள் மாதிரி. யார் பக்கம் நியாயம் என்று அந்த மேசையில் ஒருவரும் கதைக்கவில்லை. அவன் போயிருக்கக் கூடாது என்று கலீனா ஒரே ஒருமுறை சொன்னார், உடனே தமாரா எழும்பிப் போய்க் கேத்திலை அடுப்பில் வைத்தார். அதன் பிறகு நான் பாலன் மாமாவைப் பற்றிச் சொன்னேன். நான் ஆங்கிலத்தில் சொல்ல, கலீனா ரஷ்யனில் சொல்ல, தமாரா என் வாயை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

உனக்கு நான் ஒழுங்காகச் சொல்லாத கதை அது, அதனால் இங்கேயும் எழுதுகிறேன். பாலன் மாமா கிளிநொச்சியில் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்தவன். துவக்குத் தூக்கியவன் இல்லை. கலியாணம் செய்யாதவன், ஓயாமல் பகிடி விடுகிறவன். சமாதான காலத்தில் நாங்கள் போனபோது உனக்கு ஏழு வயது, சைக்கிள் பாரில் உன்னை வைத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றினான். கனடாவில் சைக்கிளுக்குப் பாரே இல்லை என்று நீ சொன்னதை நம்பாமல் என்னிடம் வந்து கேட்டான். வெளிக்கிடுகிற அன்று தன் சால்வையை உன் தலையில் சுற்றிக் கட்டிவிட்டு, "மருமோனே, உம்மட கலியாணத்துக்குத் தலைப்பா கட்டுறது நான்தான். வேற ஆரும் கை வைச்சால் நான் மண்டபத்தில இருக்க மாட்டன்" என்றான். போரின் கடைசியில் சனம் எல்லாம் வெளியே வந்தபோது ஆமிக்காரர் ஆட்களைப் பிரித்து பஸ்களில் ஏற்றினார்கள். அவன் ஒரு பஸ்ஸில் ஏறினதைக் கண்ட ஒருத்தி இப்போது இங்கே மார்க்கம் நகரத்தில் இருக்கிறா. தோளில் ஒரு பை இருந்தது, தனக்குக் கை காட்டினான் என்று சொல்கிறா. அவன் அந்த பஸ்ஸில் இருந்து இறங்கினதைக் கண்டவர்கள் ஒருவரும் இல்லை. பதினாறு வருடமாக நான் விசாரித்த இடங்களை எல்லாம் எழுதினால் உன் ட்ரெயின் யூனியன் போய்த் திரும்பியும் வந்துவிடும்.

அடுத்த நாள் தமாராவுக்கு வேலை. அவர் அந்த நகரத்தில் ட்ரொலிபஸ் ஓட்டுகிறவர், மேலே கம்பியில் மின்சாரம் எடுத்து ஓடுகிற பஸ். நான் கேட்டுக்கொண்டு அவருக்குப் பின்னால் முதல் சீற்றில் இருந்து ஒரு சுற்றுப் போனேன். நல்ல ஓட்டம். கண்ணாடி பார்க்கிற பழக்கம், சனம் சீற்றில் போய் இருக்கும் வரை காத்திருக்கிற பொறுமை எல்லாம் எனக்குப் பிடித்தது. கடைசித் தரிப்பில் எல்லாரும் இறங்கினார்கள். தமாரா எழும்பிப் பின்பக்கம் நடந்தார். யோசிக்காமல் நானும் எழும்பி நடந்தேன். இருவருமாகச் சீற் சீற்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போய்க் கடைசியில் ஆளை ஆள் பார்த்துக்கொண்டு நின்றோம். கீழே கிடந்த குடையை அவர் எடுத்தார். உனக்கு ஞாபகம் இருக்கும், எங்களுடைய பஸ்ஸில் கடைசி சீற்றுக்குப் பின்னால் ஒரு பட்டன். பிள்ளைகளை இறக்கிய பிறகு அதுவரைக்கும் நடந்துபோய் அமத்தாமல் இறங்கினால் ஊரையே எழுப்புகிற மாதிரிச் சத்தம் போடும். ஒரு குழந்தை நித்திரையாகிப் பின்னால் கிடந்துவிடக் கூடாது என்பதற்காக. நீ ஒருநாள் பகிடிக்கு ஒளித்திருந்து என்னிடம் அறை வாங்கினாய். "நீ பாப்பாய் எண்டு எனக்குத் தெரியும் அம்மா" என்று அழுதுகொண்டே சொன்னாய். இருபத்திரண்டு வருடம் ஒருநாள் தவறாமல் அப்படி நடந்தவள் நான். என் தம்பி ஏறின பஸ்ஸில் மட்டும் அப்படி நடந்து பார்க்க எனக்கு வழி இல்லாமல் போய்விட்டது. அதை அன்றைக்கு, அந்த வெறும் ட்ரொலிபஸ்ஸில் நின்றபோதுதான் இவ்வளவு தெளிவாக நினைத்தேன்.

பிறகு சூஸ்தல் போனோம். ஊருக்குள் உயரமான கட்டடமே இல்லை. மரவீடுகள், பூவேலை செய்த ஜன்னல் சட்டங்கள், பார்க்கிற பக்கமெல்லாம் கோபுரக் குமிழ்கள், சில நீலத்தில் தங்க நட்சத்திரம் போட்டவை. ஒரு மடத்தில் மணியடிக்கிறவர் கை இரண்டாலும் காலாலும் கயிறுகளை இழுத்து அடித்தார், நம்முடைய தவில்காரர்களுக்கு அவரை நன்றாகப் பிடிக்கும். சந்தையில் பெண்கள் வாளி வாளியாக உப்பு வெள்ளரிக்காய் விற்றார்கள். அன்று வெள்ளிக்கிழமை. நான் மரக்கறி மட்டும்தான் என்று சொல்லத் தயங்கிக்கொண்டிருக்க, கன்னியர் மடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் அவர்களே வெள்ளியில் மச்சம் தொடுவதில்லை என்றார்கள். காளான் சூப்பும் கிரேச்கா என்ற தானியச் சோறும் வந்தது. கைப்பையில் இருந்த மிளகாய்த்தூளைத் தூவினேன். பக்கத்தில் இருந்த கன்னியாஸ்திரி ஆசையாகக் கொஞ்சம் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காதவர் மாதிரி மூன்று கோப்பை தண்ணீர் குடித்தார்.

அந்தச் சாப்பாட்டு மேசையில்தான் கலீனா நம்முடைய கலியாண முறைகளைக் கேட்டார். மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே கூட்டிவருவது பெண்ணின் சகோதரன், தோழன் என்று சொல்வோம் என்றேன். லேனாவுக்குத்தான் சகோதரம் இல்லையே என்றார். "எங்களில அக்கா தங்கச்சியின்ர பிள்ளையள் எல்லாம் ஒண்டுக்கொண்டு சகோதரம்தான். அல்யோஷாதான் தோழன்" என்று நான் தமிழில் தொடங்கி, பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். கலீனா மொழிபெயர்த்தார். தமாரா கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்து இருந்தார். அவன் உயரமானவன், காலைக் கழுவக் குனியும்போது முதுகு நோகும், ஆனால் செய்வான் என்றார். செய்வான் என்றார், நிரோ. பதினொரு மாதத்தில் அவனைப் பற்றி யாரும் அவரிடம் வரப்போகிற காரியமாக ஒன்றும் கேட்டிருக்கவில்லை. நீ மருமகனாகப் போகிற வீட்டில் இது ஒன்றைக் கவனித்துக்கொள். அல்யோஷாவைப் பற்றிக் கதைக்கும்போது நல்ல பொடியனாய் இருந்தான் என்று சொல்லாதே. இருக்கிறான் என்று சொல். உனக்கு அதில் ஒரு நட்டமும் இல்லை.

கடைசியாக ரஸ்தோவ். அது ஒரு பெரிய ஏரியின் கரையில் இருக்கிற பழைய ஊர். அந்த ஏரியின் பெயர் என்ன தெரியுமா? நேரோ. உன் பெயரை மாற்றி எழுதின மாதிரி ஒரு ஏரி, அதுவும் உன்னைப்போலவே ஆழம் குறைவு என்று சொன்னார்கள். போகிற வழியில் தமாராவுக்கு அவருடைய கணவரிடம் இருந்து போன் வந்தது. ரோட்டோரமாகக் காரை நிறுத்திவிட்டுக் கதைத்தார், அதிகம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். போதும், செத்தவர்களுக்கான பூசையைச் செய்துவிடு, அவன் ஆத்துமா அலையக் கூடாது என்று சொல்கிறாராம். கோபமாக இல்லை, அழுதுகொண்டு. அதைச் சொன்னபோது கலீனாவின் குரல் இறங்கிவிட்டது.

ஏரிக்கரை மடத்துத் தேவாலயத்தில் அன்று பூசை இல்லை, ஆட்களும் குறைவு. தமாரா ஒரு திரி வாங்கிக்கொண்டு வட்டத் தட்டுக்கும் சதுர மேசைக்கும் நடுவில் நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. திரியைப் பிடித்த கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் வந்து அதை என் கையில் வைத்து ஏதோ சொன்னார். கலீனா மெதுவாக மொழிபெயர்த்தார்: "நீங்கள் வையுங்கள். எங்கள் முறை உங்களுக்குத் தெரியாது. நீங்கள் எங்கே வைத்தாலும் பிழையாகாது." முதல் நாள் நான் செய்த பிழைதான் இப்போது அவருக்கு வேண்டியிருந்தது. ஆனால் எனக்கு இப்போது முறை தெரியும், அது அவருக்கும் தெரியும். நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. நேராக நடந்துபோய் வட்டத் தட்டில், நடுவில் வைத்தேன். தமாரா என் தோளில் முகத்தை வைத்து அழுதார். சத்தம் போட்டுத்தான் அழுதார், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே அழுகிறவர்களைத் திரும்பிப் பார்க்கிற வழக்கம் இல்லை.

அப்போது கலீனா இன்னொரு திரி வாங்கி வந்து என்னிடம் தந்தார். "உங்கள் தம்பிக்கு" என்றார். அதைப் பிடித்துக்கொண்டு நானும் அதே இடத்தில், அதே நடுவில் நின்றேன். அடுத்தவளின் பிள்ளைக்குச் சட்டென்று நீண்ட கை, என் தம்பிக்கு நீளவில்லை. வட்டத்தில் வைத்தால் என்னையே நான் ஏமாற்றுகிறேனோ என்று இருந்தது. சதுரத்தில் வைத்தால் அவனை நானே கொன்றது மாதிரி இருந்தது. எனக்கு விசர் இல்லை, நிரோ. பதினாறு வருடம் என்றால் என்ன அர்த்தம் என்று அப்பாவுக்குத் தெரிந்த அளவு எனக்கும் தெரியும். கடைசியில் திரியைக் கைலேஞ்சியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். இஸ்தான்புல் ஊடாக அது என்னோடு அஜக்ஸுக்கு வந்தது. "குளிர்" என்று நான் உன்னிடம் சொன்னபோது அது என் மடியில்தான் இருந்தது.

இப்போது உன் அழைப்பிதழுக்கு வருகிறேன். பெண் வீட்டுப் பக்கத்தில் "சகோதரன்: செல்வன் அலெக்சேய்" என்று போட்டிருக்கிறாய். நல்லது. லேனாவிடம் கேட்டு, அவள் தாயிடம் கேட்டு, நீயாகவே போட்டிருக்கிறாய். அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதே அட்டையில் மற்றப் பக்கத்தில் உன் மாமா அமரர். இரண்டு பேரையும் பற்றி நமக்குத் தெரிந்தது ஒன்றுதான், போனார்கள், வரவில்லை. ஒருவனுக்கு ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் மேல், மற்றவனுக்குப் பதினாறு வருடம். எத்தனையாவது வருடத்தில் திரு அமரராக மாறுகிறது என்று அந்த அச்சகக்காரரைக் கேட்டு எனக்குச் சொல். கோபத்தில் எழுதிவிட்டேன், இருந்தாலும் அழிக்கப் போவதில்லை.

இன்று காலை குளித்துவிட்டு அந்தத் திரியை எடுத்தேன். நம் வீட்டிலும் அவர்களைப்போலவே இரண்டு இடம் இருக்கிறது, நான்தான் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். அப்பப்பா, அப்பம்மா, என்னைப் பெற்றவர்கள் எல்லாரும் மாலை போட்டுச் சாப்பாட்டு அறைச் சுவரில் இருக்கிறார்கள். சாமி அறையில் செத்தவர்கள் படம் வைப்பதில்லை. பாலன் மாமாவின் படம் இரண்டிலும் இல்லை, இத்தனை வருடமும் பிரிட்ஜ் கதவில் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு, பால் முடிந்துவிட்டது என்ற உன்னுடைய துண்டுகளுக்கு நடுவில் இருக்கிறான். நான் திரியைச் சாமி அறைக்குக் கொண்டுபோய்ப் பிள்ளையாருக்கு முன்னால் ஏற்றினேன். அவனுடைய பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்னேன். அப்பா வாசலில் வந்து நின்று பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துத் திரிக்கு அடியில் வைக்க ஒரு சாசரை எடுத்துக்கொண்டு வந்து தந்தார். நிலத்தில் மெழுகு ஊற்றும் என்றார்.

ஆகவே என்னுடைய திருத்தம் இதுதான். "தாய்மாமன்: திரு பாலச்சந்திரன்". ஆள் எங்கே என்று மண்டபத்தில் யாராவது கேட்டால் என்னிடம் அனுப்பு, தெரியாது என்று நானே சொல்கிறேன். அது பொய்யில்லை. நீ அவனை உயிரோடு இருக்கிறான் என்று நம்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எனக்கு முன்னால் நீ முடிவெடுக்காதே, அதுவும் அச்சில், என்றுதான் கேட்கிறேன். தோழனுக்கு என்ன செய்வது என்று லேனாவோடும் கலீனாவோடும் நான் கதைத்துக்கொள்கிறேன், அது பெண் வீட்டு விஷயம். தலைப்பா கட்டுவதற்கு மார்க்கத்தில் இருக்கிற சுதன் மாமாவைக் கேட்பதென்று நீயும் அப்பாவும் கதைத்திருக்கிறீர்கள். எனக்குச் சம்மதம், அவரும் எனக்குத் தம்பி முறைதான், நன்றாகக் கட்டுவார். ஆனால் போனில் கேட்காதே, நேரில் போய்க் கேள். கேட்கும்போது பாலன் மாமாவுக்குப் பதிலாக என்று மட்டும் வாயில் வரக்கூடாது. பாலன் மாமா வரும்வரைக்கும் என்று சொல்லிக் கேள்.

அம்மா